மார்வாவுக்கு ஒரு மாலை: அழகர்கோவில், சமணர் மலை, ஓர் ஆட்டோ

ஒரு ராகத்தைப் பதிவுசெய்ய இடம் தேடிப் போன பயணம் இது. மதுரையைச் சுற்றி இரண்டு மாலைகள். தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளி, ஒரு சனி. கோயில் பார்க்கவும் ஜிகர்தண்டா குடிக்கவும் வழி தேடி வந்தவர்கள் ஏமாறலாம். திறந்தவெளியில் உட்கார்ந்து பாடவோ, பாடுவதைக் கேட்கவோ விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் பயன்படும்.

பாடியது நானில்லை. முத்துமாரி. கல்லூரியில் என்னோடு படித்தவள். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விளாங்குடியில் அம்மாவோடு வாடகை வீடு. ஆறு வருடமாக இந்துஸ்தானி வாய்ப்பாட்டு கற்கிறாள், கைபேசித் திரை வழியாக. குரு கர்நாடகத்தில், தார்வாடில் இருக்கிறார். நேரில் பார்த்தது இரண்டே முறை.

அந்தக் குரு எப்போதாவது ஒரு மாணவரைத் தன் வீட்டோடு வைத்து இரண்டு வருடம் சொல்லிக்கொடுப்பார். இந்த முறை மாரியும் இன்னும் சிலரும் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பரீட்சை. மார்வா ராகம், அரை மணி நேரம், அதற்குரிய பொழுதில். அதாவது சூரியன் இறங்கும்போது. நிறுத்தாமல் பாடி அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. மாரி மார்கழியில் ஒன்றை அனுப்பினாள். பாதி வழியில் உனக்கு வீடு மாறிவிட்டது, மறுபடி பாடு என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். நான் பதிவுக் கருவியோடு சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறினேன்.

வீடு மாறிவிட்டது என்றால் என்ன? இதைச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்வாவில் ஆறு சுரம். ஸ, சின்ன ரி, பெரிய க, பெரிய ம, பெரிய த, பெரிய நி. ப கிடையாது. நம் பக்கத்தில் இதே சுரங்களை ஹம்ஸானந்தி என்போம். வடக்கே இதே ஆறு சுரத்தில் மூன்று ராகங்கள் வைத்திருக்கிறார்கள். க-விலும் நி-யிலும் நின்று, கீழே கனமாக நடந்தால் பூரியா. மேல் ஸ்தாயியில் துள்ளினால் ஸோஹனி. ரி-யிலும் த-விலும் நின்றால் மார்வா. ஒரே ஆறு பேர் இருக்கும் வீடுதான். யார் அதிகம் பேசுகிறார்கள் என்பதில் வீட்டின் குணம் மாறிவிடுகிறது.

மார்வாவில் அதிகம் பேசாதது ஸ. எல்லா ராகத்துக்கும் ஸ தான் வீடு. சுற்றிவிட்டு அங்கே வந்து உட்கார வேண்டும். மார்வாவில் வாசல் வரை வந்து, உள்ளே நுழையாமல் ரி-க்கோ நி-க்கோ திரும்பிவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப. கேட்கிறவனுக்கு நெஞ்சில் ஒரு தவிப்பு. வெளிச்சம் போகப்போகிறது, இருட்டு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளி. ப கிடையாது என்பதால் தம்புராவிலும் ப-வை எடுத்துவிட்டு நி வைத்துக்கொள்கிறார்கள். சாய்ந்துகொள்ளத் தூண் இல்லாத கூடம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ-வை எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து சுரம். த-வை ஸ என்று நினைத்துக்கொண்டு அந்த ஐந்தையும் வரிசையாகப் பாடுங்கள். மோகனம் வரும். அப்பட்டமான மோகனம். வீட்டில் கீபோர்டு இருந்தால் தட்டிப் பார்க்கலாம். ஸ-வைத் தொடாமல் நெடுநேரம் பாடினால் காது களைத்துப்போய் த-வையே வீடு என்று எடுத்துக்கொள்ளும். அதுவும் நம் காது. தாலாட்டு, பஜனை, கல்யாண வீட்டு நாதஸ்வரம் என்று மோகனத்திலேயே ஊறிய காது. பிறகு கடைசியில் உண்மையான ஸ வரும்போது அது யாரோ தெரியாதவர் மாதிரி ஒலிக்கும். மாரிக்கு நடந்தது இதுதான்.

விளாங்குடி வீட்டிலேயே பாடலாமே என்று நானும் கேட்டேன். அங்கே அறைக்குள் மின்சாரத் தம்புராப் பெட்டி இருக்கிறது, சுவரில் செருகினால்தான் பாடும். விடியற்காலையில் அதை வைத்துப் பாடினால் மாரிக்குப் பிசகுவதில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் அமைதி என்று ஒன்று இல்லை. திண்டுக்கல் சாலை லாரி, பின்னால் ரயில், பக்கத்துத் தெருக் கோயிலில் ஒலிபெருக்கி.

“நா குக்கர் கூட வைக்கலப்பா. மேல் வீட்டுக்காரிட்ட போய் விசில் அடிக்காதன்னு சொல்ல முடியுமா?” என்றார் மாரியின் அம்மா.

வெள்ளிக்கிழமை அழகர்கோவில். விளாங்குடியிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து இன்னொரு பேருந்து. மாட்டுத்தாவணியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். மூன்று மணிக்குக் கிளம்பி நாலரைக்கு இறங்கினோம். எனக்கு இரண்டு பேருந்துக்குமாக முப்பத்திரண்டு ரூபாய். மாரிக்கு இலவசம், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோயில் பக்கம் போகாமல் கோட்டைச் சுவரை ஒட்டி வெளிப்புறமாக நடந்தால் பத்து நிமிடத்தில் கூட்டம் குறைந்துவிடும். குரங்குகள் குறையாது. என் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம் போனது. பிடுங்கியது என்று சொல்ல முடியாது. கை நீட்டி வாங்கிக்கொண்டது.

மலைக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்து ஒரு புளியமரம். மாரி கைபேசியில் தம்புராச் செயலியைப் போட்டாள். ப-வை எடுத்துவிட்டு நி. நான் கருவியை ஒரு துணிமேல் வைத்தேன். பாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து மரத்தடிக்கு ஒரு வேன் வந்தது. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்திய குடும்பம். சாப்பிட்டுவிட்டு அசதியாக இருந்தார்கள். பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, குழந்தையின் அத்தையாக இருக்க வேண்டும், காலை நீட்டி அதன்மேல் குழந்தையைப் போட்டு ஆட்டிக்கொண்டே மாரியைப் பார்த்தாள். பத்து நிமிடம் சும்மா கேட்டாள். பிறகு வாயைத் திறக்காமல் கூடவே முனக ஆரம்பித்தாள்.

என்ன முனகினாள் என்று நினைக்கிறீர்கள்? மோகனம். மாரியின் த-வை அப்படியே எடுத்துத் தன் ஸ-வாக வைத்துக்கொண்டு.

கையை ஆட்டி நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். அரை மணி நேரம் நிறுத்தாமல் பாட வேண்டும். அவளை நிறுத்தினால் மாரியும் நிற்பாள். சும்மா இருந்தேன். மாரியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாவது தெரிந்தது. தவிப்பு போய்விட்டது. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்தால் அது மார்வா இல்லை. குழந்தை தூங்கிவிட்டது. கடைசியில், சூரியன் பனைகளுக்குப் பின்னால் போனபோது, மாரி ஸ-வுக்கு வந்தாள். பச்சைச் சேலைக்காரி சட்டென்று நிமிர்ந்தாள்.

“நல்லாத்தான்த்தா பாடுன. கடைசில அந்த ஒரு எடத்துலதான் பிசகிருச்சு.”

பாட்டு முழுவதிலும் சரியாக இருந்தது அந்த ஒரு சுரம்தான்.

மாரி சிரித்துவிட்டாள். “சரிக்கா. நாளைக்குச் சரியாப் பாடுறேன்.”

“நாளைக்கு எங்கன பாடுற?”

“தெரியலக்கா.”

“எங்க ஊருக்கு வா. பிள்ளைக இம்புட்டு சீக்கிரம் தூங்குனா எங்களுக்கும் வேல ஆகும்.”

திரும்பும் பேருந்தில் ஆளுக்கொரு காதில் பதிவைக் கேட்டோம். பதினோராவது நிமிடத்தில் வீடு மாறியிருந்தது. மாரி காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அந்த அக்காவச் சொல்லாதடா. அது முனகுறதுக்கு முன்னாடியே நா வழுக்கிட்டேன். அது என்னையப் பாத்துத்தான் மோகனம் எடுத்துச்சு.”

“உள்ள பாடுறப்ப வரலயே இது.”

“பயம்டா. வெளிய உக்காந்தாலே பரீட்சை ஞாபகம் வந்துருது. வேற என்ன?”

நானும் பயம் என்றுதான் நினைத்தேன். அன்று இரவு, தார்வாடுக்குப் போகாவிட்டாலும் பாடலாம் என்று அவள் அம்மா சொன்னதற்கு, “பாடலாம்மா, திரைலயே பாடலாம்” என்று மட்டும் சொன்னாள். ஆறு வருடம் திரையில் பாடியவள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு வேறு எடை.

சனிக்கிழமை சமணர் மலை. கீழக்குயில்குடியில் இருக்கிறது. பெரியார் நிலையத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரை பேருந்து, பதினைந்து ரூபாய். பல்கலைக்கழகப் பக்கம் போகும் எந்தப் பேருந்தும் சரி. இறங்கிய இடத்தில் டீ நன்றாக இருக்கும். அங்கிருந்து மலைக்கு நான்கு கிலோமீட்டர். நடக்கலாம், ஆனால் எங்களுக்கு நேரம் இல்லை. காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கும் சேர்த்து ஓர் ஆட்டோ நானூற்றைம்பது கேட்டது. பேரம் பேசாமல் ஏறினோம்.

ஓட்டுநர் பெயர் பாண்டி. நாற்பதை ஒட்டிய வயது. பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி, அதைச் சுற்றி நீல விளக்கு. ஏறியதும் போட்டுவிட்டார். முதுகெலும்பு அதிர்ந்தது.

“அண்ணே, கொஞ்சம் கொறைங்கண்ணே.”

“கொறச்சா இது எதுக்குண்ணே? எம்புட்டு ஆச தெரியுமா இந்தப் பெட்டி மேல? பொண்டாட்டி தோடு கேட்டா. நா இத வாங்கிட்டேன்.”

“அக்கா ஒண்ணும் சொல்லலயா?” என்றாள் மாரி.

“மூணு மாசம் இந்த ஆட்டோல ஏறல தங்கச்சி. இப்ப அவதான் சவுண்டக் கூட்டச் சொல்றா.”

மலையடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் உள்ள இடத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூட்டம் இருக்கும். பாறைப் படிகளில் மேலே ஏறித் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கிறவர்கள் பகலிலேயே போய்விடுங்கள். நாங்கள் மேலே போகவில்லை. பாண்டி எங்களை மண்பாதை வழியாக மேற்குப் பக்கம் சுற்றிக் கொண்டுபோனார். அறுவடை முடிந்த வயல். தாள் மட்டும் நின்றது. தூரத்தில் நாகமலை நீளமாகப் படுத்திருந்தது. ஐந்தரை. சூரியன் மறைய ஆறு இருபதை ஒட்டி ஆகும்.

ஒரு பாறையில் மாரி உட்கார்ந்தாள். பக்கத்தில் கைபேசி, அதில் தம்புரா. காற்று நன்றாக அடித்தது. ஐந்து நாற்பதுக்குத் தொடங்கினாள். எட்டாவது நிமிடத்தில் அவளே நிறுத்திவிட்டாள்.

“போச்சுடா.”

“தெரியுது.”

“ஸ எங்க இருக்குன்னே தெரியல. வேற யாரோட வீட்லயோ உக்காந்திருக்கேன்.”

பாண்டி ஆட்டோவில் சாய்ந்து நின்றபடி கைபேசியைக் காட்டினார்.

“என்னண்ணே அது, கொசு மாதிரி கத்துது?”

“அதுதாண்ணே சுருதி.”

“இதக் கேட்டா தங்கச்சி பாடுது? நம்ம பெட்டில போடுங்கண்ணே. அப்பறம் சொல்லுங்க.”

பெருமைக்காகத்தான் சொன்னார். சுருதி, தம்புரா எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தன் பெட்டியைக் காட்ட ஒரு வாய்ப்பு. மாரியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொசு. ஆமாம். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் கனமான ஒலி வராது. தம்புராவில் நான்கு தந்தி. ஒன்று நி, இரண்டு நடு ஸ, ஒன்று கீழ் ஸ. வீட்டுப் பெட்டியில் அந்தக் கீழ் ஸ தரையையே அதிரவைக்கும். கைபேசியில், அதுவும் காற்றில், நி-யின் கீச்சுதான் மிச்சம். மார்வாவில் பாடகி ஸ-வைப் பாடாமல் இருக்கலாம். தம்புரா விடாமல் பாடிக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில்தான் பாடாமல் இருக்கிறாள். இரண்டு மாலைகளாக மாரிக்கு அந்த ஸ கேட்கவே இல்லை. மார்கழியில் அனுப்பியதும் ஊருக்கு வெளியே ஒரு மொட்டைமாடியில், இதே கைபேசியோடுதான்.

பயம் என்று நாங்கள் இருவரும் எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டோம்.

மாரியின் கைபேசியை அழைப்பு வராதபடி மாற்றிவிட்டு, ப்ளூடூத்தைப் பெட்டியோடு இணைத்தேன். திரையில் பெட்டியின் பெயர் ‘சிங்கக்குட்டி’ என்று வந்தது. தம்புரா தொடங்கியது. முன்கண்ணாடியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் நடுங்கியது. ஆட்டோவின் தகரம் முழுக்க ஒரே ஸ. மாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். பாதம் தகரத்தில். கண்ணை மூடினாள்.

“இப்பச் சொல்லுங்கண்ணே” என்றார் பாண்டி.

“அண்ணே, ஒண்ணும் பேசக் கூடாது. அரை மணி நேரம்.”

“நா ஏன் பேசப் போறேன்?”

ஐந்து ஐம்பத்தெட்டு. கருவியை வெளியே ஒரு கல்மேல் வைத்தேன், பெட்டியின் கனம் குரலை மூடாத தூரத்தில்.

முதலில் நி. அதிலிருந்து ரி. ரி-யில் நின்றாள். கீழே தகரம் ஸ என்கிறது, மேலே அவள் அதற்கு ஒட்டினாற்போல் ரி என்கிறாள். ஒட்டி, சேராமல். அந்த இடைவெளியில்தான் ராகம் இருக்கிறது என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்றுதான் தோலில் பட்டது. பிறகு த. தனியாக, உயரத்தில் அல்லாமல் கீழே, வயல் அளவுக்கு. த-விலிருந்து நி, நி-யிலிருந்து ஸ-வைத் தாண்டி மறுபடி ரி. வாசலில் விளக்கு எரிகிறது. அவள் தெருவில் நிற்கிறாள். எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும். நிற்கிறாள்.

பாண்டி என் பக்கம் வந்து காதோடு கேட்டார். “பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?”

“இதுதாண்ணே பாட்டு.”

“அப்ப சரி” என்று மண்பாதையில் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார். எதிரே ஒரு பைக் வந்தது. பாண்டி நடுப்பாதையில் நின்று இரு கைகளையும் விரித்தார். பைக்கில் வந்த இளைஞர் இன்ஜினை அணைத்தார். அது நல்லது. ஆனால் வாயை அணைக்கவில்லை.

“என்ன மாப்ள, படமா? யாரு ஹீரோயினி?”

வயல் முழுக்கக் கேட்டது. மாரி அப்போது த-வில் இருந்தாள். போன முறைகளில் வழுக்கிய அதே த. அவள் கண்ணைத் திறக்கவில்லை. த-வை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அந்த நீளத்துக்குள் கேள்வி கரைந்துபோனது. நி. ரி. க. மறுபடி ரி.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதை நான் பார்க்கவில்லை. தாள்களின் நிறம் மாறியதை மட்டும் பார்த்தேன். ஆறரையை நெருங்கும்போது மேல் ஸ்தாயியிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தாள். ம, க, ரி. நி. மறுபடி ரி. பிறகு ஸ.

தகரத்தில் ஏற்கனவே இருந்த ஒலிக்குள் குரல் போய் உட்கார்ந்தது. எது குரல், எது தகரம் என்று பிரிக்க முடியவில்லை. யாரும் கை தட்டவில்லை. பைக்கில் வந்தவர் இன்னும் அங்கேயே நின்றார், இன்ஜினைப் போடாமல்.

“முடிஞ்சிருச்சாண்ணே?” என்றார் பாண்டி.

“முடிஞ்சிருச்சு.”

“நம்ம பெட்டி எப்புடி?”

மாரி ஆட்டோவை விட்டு இறங்காமலே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். “அக்காட்ட சொல்லுங்கண்ணே, தோடு அடுத்த வருசம் வாங்கிக்கிரலாம்னு.”

அன்றிரவே வெட்டாமல் ஒட்டாமல் அனுப்பினோம். ஹீரோயினிக் கேள்வியும் உள்ளேதான் இருந்தது.

இந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். மார்வாவைத் தவிப்பின் ராகம் என்பார்கள். நானும் வீடற்றவனின் ராகம் என்று எங்கோ எழுதியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வீடற்றவனால் மார்வா பாட முடியாது. அவன் பத்தாவது நிமிடத்தில் கிடைத்த வீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவான். வீடு காலடியில் அதிர்ந்துகொண்டே இருந்தால்தான் அவ்வளவு நேரம் வெளியே நிற்க முடிகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசி நல்ல காலம். வெயில் சாயும்போது காற்று இருக்கும், அதனால் ஒலிவாங்கிக்கு நுரைக் கவசம் அவசியம். அழகர்கோவிலில் தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். கீழக்குயில்குடிக்கு ஆட்டோ பிடிக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள், இருட்டினால் அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம். கைபேசித் தம்புராவை மட்டும் நம்பாதீர்கள். பெரிய ஸ்பீக்கர் இல்லையென்றால் ஆட்டோ ஸ்டாண்டில் பின்னிருக்கைகளை எட்டிப் பாருங்கள், நீல விளக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் கூட முனகினால் கோபப்படாதீர்கள். அவர்கள் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

குருவின் பதில் புதன்கிழமை வந்தது. குரல் செய்தி, பாதி இந்தி, பாதி கன்னடம். நடுவில் ம கொஞ்சம் தாழ்கிறது, இங்கே வந்தால் சரிசெய்யலாம் என்று ஆரம்பித்திருந்தார். பிறகு, யாரோ ஒருவன் உரக்க ஏதோ கேட்டானே, அப்போதும் நீ ஸ-வை விடவில்லை, பங்குனி தொடக்கத்தில் வந்துவிடு என்றிருந்தார்.

வேலையை விடுவதாக மாரி பரிசோதனை நிலையத்தில் சொல்லிவிட்டாள். இனி எனக்குத் தெரியாத வழி. மதுரையிலிருந்து தார்வாடுக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். எங்கே ரயில் மாறுவது, எது கூட்டம் குறைவு, நிலையத்திலிருந்து ஆட்டோ எவ்வளவு கேட்பார்கள். ஒரு ஆள், இரண்டு பெட்டி, ஒரு தலையணை. ஜன்னலோர இருக்கையாகக் கிடைத்தால் நல்லது என்கிறாள்.